6. மெரான்: சி6 சிப்பாய் எப்போது நகரும்?

மெரான் ஓப்பனிங் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நகர்த்தல் வரை மனப்பாடம் செய்யணும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கேட்போம். சி6இல் நிற்கும் கறுப்புச் சிப்பாய் எப்போது சி5க்குப் போகும்? மெரானில் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்தவருக்கு இதைவிடப் பெரிய கவலை கிடையாது. இதற்கு விடை தெரிந்தவர் எட்டாவது நகர்த்தலில் புத்தகம் மறந்துபோனாலும் ஆடிவிடுவார். தெரியாதவர் இருபது நகர்த்தல்களை ஒப்பித்துவிட்டு இருபத்தொன்றாவதில் திருதிருவென்று விழிப்பார்.

பாடத்துக்கு எடுத்துக்கொண்ட ஆட்டம் 2013 ஜனவரி 15 அன்று, டாடா ஸ்டீல் போட்டியின் 4ஆம் சுற்றில் ஆடப்பட்டது. இடம் நெதர்லாந்தின் வட கடலோரக் கிராமமான வைக் ஆன் ஸே. உலகின் முன்னணி கிராண்ட்மாஸ்டர்களும் உள்ளூர் அமெச்சூர் ஆட்டக்காரர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஆடுவது அந்தப் போட்டியின் வழக்கம். வெள்ளைக் காய்களில் ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியன். கறுப்பில் அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். ஆட்டம் 23 நகர்த்தல்களில் முடிந்தது. ஆனந்தின் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைப் பாடமாக வைக்கச் சொன்னால், நான் இதைத்தான் வைப்பேன்.

மரப்பலகை ஒன்றை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். போன் திரை வேண்டாம். கட்டங்களின் பெயர்கள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற வரிசையிலேயே வருகின்றன. × என்ற குறி வெட்டுவதைக் காட்டும். காயின் பெயர் சொல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல்.

முதல் எட்டு நகர்த்தல்கள்

1. டி4 டி5, 2. சி4 சி6, 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6, 4. குதிரை சி3 இ6.

இதுவரை வந்தது செமி ஸ்லாவ். சி6, டி5, இ6 ஆகிய மூன்று கட்டங்களில் கறுப்பு ஒரு முக்கோணம் கட்டியிருக்கிறது. நடுப்பலகை உறுதியாக இருக்கிறது, ஆனால் அதற்கு விலை உண்டு. சி8இல் நிற்கும் பிஷப்பைப் பாருங்கள். இ6 சிப்பாய் ஒரு பக்க வழியை அடைத்துவிட்டது. பி7க்குப் போனாலும் எதிரே சி6, டி5 இரண்டும் சுவராக நிற்கின்றன. தன் வீட்டுக்குள்ளேயே தாழ்ப்பாள் போடப்பட்ட நிலை. அந்தத் தாழ்ப்பாளைத் திறப்பதற்காகத்தான் மெரானின் மற்ற நகர்த்தல்கள் எல்லாம்.

5. இ3 பி8 குதிரை டி7, 6. பிஷப் டி3 டி×சி4, 7. பிஷப்×சி4 பி5, 8. பிஷப் டி3.

இந்த வரியில் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. வெள்ளை பிஷப் டி3க்கு வந்தது, சி4இல் சிப்பாயை வெட்டியது, பி5 சிப்பாய் விரட்டியதும் மறுபடி டி3க்கே திரும்பியது. மூன்று நகர்த்தல் செலவழித்து முதலில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளியில் கறுப்பு பி5 என்ற நகர்த்தலைச் சும்மா பெற்றுக்கொண்டது. ஆறாவது நகர்த்தல் வரை கறுப்பு சி4ஐ வெட்டாமல் காத்திருந்தது இதற்காகத்தான். பிஷப் இன்னும் எஃப்1இலேயே இருக்கும்போது வெட்டினால், அது ஒரே எட்டில் சி4க்கு வந்துவிடும்; நமக்குக் கிடைக்க வேண்டிய வேளை போய்விடும். வெள்ளைக்கும் இது தெரியும். ஆகவே பலர் 6. பிஷப் டி3க்குப் பதிலாக 6. ராணி சி2 ஆடி, "நீ முதலில் வெட்டு, பிறகு நான் பிஷப்பை எடுக்கிறேன்" என்று காத்திருக்கிறார்கள். யார் பொறுமை முதலில் தீர்கிறது என்பதே அந்தக் கிளையின் கதை.

ஓப்பனிங்குக்குப் பெயர் தந்த மெரான், இத்தாலியின் வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஊர். 1924இல் அங்கே நடந்த போட்டியில் எர்ன்ஸ்ட் கிரூன்ஃபெல்டுக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டீன் கறுப்பில் இந்த வரியை ஆடினார். ஊர்ப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கார்ப்போவும் கோர்ச்னாயும் 1981இல் உலகப் பட்டத்துக்காக மோதிய ஊரும் இதுதான். ரூபின்ஸ்டீனின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இந்த அத்தியாயத்தில் அவர் இன்னொரு முறை வருவார்.

8ஆவது நகர்த்தலில் கறுப்புக்கு மூன்று வழிகள் உண்டு: ஏ6, பிஷப் பி7, பிஷப் டி6. மூன்றுமே சி5ஐ நோக்கித்தான் போகின்றன. ஆனால் சி5 ஆடும் கணத்தில் ஒரு சிக்கல் வரும். பி5 சிப்பாய்க்குக் காவலாக இருப்பது சி6 சிப்பாய். அது முன்னேறிவிட்டால் பி5 அநாதையாகிவிடும். அதன்மேல் டி3 பிஷப்பும் சி3 குதிரையும் ஏற்கெனவே கண் வைத்திருக்கின்றன. அந்தச் சிப்பாயைக் காப்பாற்றிவிட்டு சி5 ஆடுவதா, போனால் போகட்டும் என்று ஆடுவதா? மெரானின் கிளைகள் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

பழைய வழி 8... ஏ6. பி5க்குப் புதுக் காவல் வைத்துவிட்டு அடுத்து சி5. வெள்ளை 9. இ4 சி5, 10. இ5 என்று முட்டும், ஆட்டம் உடனே தீப்பற்றும். 2008இல் பான் நகரில் கிராம்னிக்குக்கு எதிரான உலக சாம்பியன் போட்டியில் ஆனந்த் இதே வரியை 3ஆவது ஆட்டத்திலும் 5ஆவது ஆட்டத்திலும் கறுப்பில் ஆடி இரண்டையும் வென்றார். அந்த ஆட்டங்களில் 10... சி×டி4, 11. குதிரை×பி5 ஏ×பி5, 12. இ×எஃப்6 ஜி×எஃப்6 என்று போய், கறுப்பு ராஜா காஸ்லிங் செய்யாமல் நடுவிலேயே நிற்க, திறந்துகிடந்த ஜி வரிசையில் யானை வந்து இறங்கியது. போட்டி 6½–4½ என்று முடிந்ததில் அந்த இரண்டு கறுப்பு வெற்றிகளின் பங்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்க்க அழகான வழிதான். ஆனால் அதற்கு நிறையப் படிக்க வேண்டும், ஒரு நகர்த்தல் மறந்தால் ஆட்டம் கையைவிட்டுப் போய்விடும். பள்ளி மாணவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நமது ஆட்டத்தில் ஆனந்த் எடுத்தது மூன்றாவது வழி.

8... பிஷப் டி6, 9. காஸ்லிங் காஸ்லிங், 10. ராணி சி2 பிஷப் பி7, 11. ஏ3 யானை சி8.

இங்கே நிறுத்திப் பலகையை நன்றாகப் பாருங்கள். வெள்ளையின் ஏ3 சாதுவாகத் தெரிந்தாலும் உள்நோக்கம் உண்டு. பி4க்குக் கறுப்புச் சிப்பாய் வந்து சி3 குதிரையை விரட்டுவதைத் தடுக்கிறது. அதோடு, அடுத்து தானே பி4 ஆடி சி5 கட்டத்தை இறுகப் பூட்டலாம் என்று பார்க்கிறது. வெள்ளைக்கும் அந்தக் கேள்வி தெரியும். "உன் சி சிப்பாயை நகரவே விடமாட்டேன்" என்கிறது. கறுப்பின் யானை சி8 அதற்குப் பதில். இப்போது சி வரிசையில் யானைக்கு நேர் எதிரே, தூரத்தில், வெள்ளை ராணி நிற்கிறது. நடுவில் சி6 சிப்பாயும் சி3 குதிரையும் மட்டுமே. சி6 சிப்பாய் முன்னேறி வெட்டிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டால் ராணிக்கு அந்த வரிசை வசதியாக இருக்காது. பி5ஐ வெட்ட வெள்ளைக்கு ஆசை வந்தாலும் கை தயங்குவது இதனால்தான்.

சி5 ஆடப்படும் கணம்

12. குதிரை ஜி5.

ஆரோனியன் வழக்கமான பி4ஐ ஆடாமல் எச்7மேல் பாய்கிறார். எண்ணிப் பாருங்கள். எச்7 சிப்பாயைக் குறிவைப்பது ஜி5 குதிரை, டி3 பிஷப், அதன் பின்னால் சி2 ராணி என மூன்று காய்கள். காவல் காப்பது ராஜாவும் எஃப்6 குதிரையும் மட்டும். ஒன்றும் செய்யாவிட்டால் குதிரை×எச்7, குதிரை×எச்7, பிஷப்×எச்7 செக் என்று ஒரு சிப்பாய் போய்விடும்.

பெரும்பாலானோரின் கை இங்கே தானாக எச்6க்கோ ஜி6க்கோ போகும். ஆனந்த் ஆடியது 12... சி5.

நாம் காத்திருந்த நகர்த்தல் இதுதான். எதிராளி ஓரத்தில் தாக்கினால் நடுவில் திருப்பித் தாக்கு என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். ஆனால் அந்த விதி இங்கே ஏன் பலிக்கிறது என்று தெரியாமல் ஆடினால் அது வெறும் சூத்திரம். பி7 பிஷப்புக்கு முன்னால் இருந்த கடைசித் தடை சி6 சிப்பாய். அது நகர்ந்ததும் பி7இலிருந்து ஜி2 வரை முழு மூலைவிட்டமும் ஒரே கணத்தில் திறந்துகொண்டது. வெள்ளை ராஜா நிற்பது அதன் மறுமுனைக்குப் பக்கத்தில். ஒரு சிப்பாய்க்கு இது நல்ல விலை.

13. குதிரை×எச்7 குதிரை ஜி4.

இந்த 13ஆவது நகர்த்தலில் கொஞ்சம் தங்குவோம். எச்7இல் நிற்கும் வெள்ளைக் குதிரையை எஃப்6 குதிரையால் வெட்டலாம். வெட்டினால் பிஷப் திரும்ப வெட்டி செக் சொல்லும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், கறுப்பின் தாக்குதலும் அடங்கிவிடும். ஆனந்த் அந்தக் குதிரையைத் தொடவே இல்லை. அது எஃப்8 யானையை வெட்டப்போகிறது என்று தெரிந்தும் விட்டுவிட்டார். மாறாகத் தன் குதிரையை ஜி4இல் இறக்கினார். அந்த ஒரே நகர்த்தலில் டி8இலிருந்து எச்4க்கு ராணிக்கு வழி பிறந்தது, எச்2 சிப்பாய்மேல் டி6 பிஷப்பும் ஜி4 குதிரையும் சேர்ந்து விழுந்தன.

வெள்ளை பேராசைப்பட்டு 14. குதிரை×எஃப்8 ஆடியிருந்தால்? பிஷப்×எச்2 செக், ராஜா எச்1, ராணி எச்4. அடுத்து பிஷப் ஜி3க்கு விலகினால் ராணியின் செக் வெளிப்படும். ராஜா ஜி1க்கு ஓடினால் எச்2இல் ராணி வைத்து மேட். இந்தப் படத்தை பலகையில் வைத்துப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக வேண்டாம்.

14. எஃப்4 சி×டி4, 15. இ×டி4 பிஷப் சி5.

எஃப்4 ஆடி ஆரோனியன் எச்2க்குப் போகும் வழியை அடைத்தார். அதில் தப்பில்லை. ஆனால் எஃப் சிப்பாய் எஃப்2ஐ விட்டுப் போய்விட்டது. அடுத்து டி4இல் வெட்டியபோது இ சிப்பாயும் இ3ஐ விட்டுப் போனது. ஏ7இலிருந்து ஜி1 வரை ஓடும் மூலைவிட்டத்தில் வெள்ளை ராஜாவைக் காத்துநின்றவை இந்த இரண்டும்தான். இரண்டும் போன அடுத்த நொடியே கறுப்பு பிஷப் டி6இலிருந்து சி5க்குத் திரும்பிவிட்டது. ஒரு வழி அடைபட்டதும் புலம்பாமல், அந்த அடைப்பு வேறெங்கே வழி திறந்திருக்கிறது என்று பார்த்த பிஷப் அது.

சி5இல் நிற்கும் பிஷப்பை டி4 சிப்பாயால் வெட்டலாம். 16. டி×சி5 குதிரை×சி5 என்று போனால் டி வரிசை திறந்துவிடும். டி3 பிஷப்மேல் கறுப்புக் குதிரையும் ராணியும் சேர்ந்து விழும். டி4இல் ராணி வந்து செக் சொல்ல வழி காத்திருக்கும். கறுப்பு இப்போது ஒரு பிஷப்பையும் எஃப்8 யானையையும் ஒரே நேரத்தில் எதிராளியின் முன்னால் தட்டில் வைத்திருக்கிறது. ஆரோனியன் இரண்டையும் தொடவில்லை.

16. பிஷப் இ2 டி7 குதிரை இ5.

இந்த ஆட்டத்தின் உச்சம் இந்த நகர்த்தல். டி4 சிப்பாயால் இந்தக் குதிரையை வெட்ட முடியாது. அது சி5 பிஷப்புக்கும் ஜி1 ராஜாவுக்கும் நடுவே கட்டுண்டு நிற்கிறது. விலகினால் ராஜாவுக்கே செக். எஃப்4 சிப்பாயால் வெட்டலாம், ஆனால் அப்போது நடப்பதைப் பாருங்கள். 17. எஃப்×இ5 ராணி×டி4 செக். ராஜா எச்1 மூலைக்குப் போனால், ராணி ஜி1 செக்! ஜி1இல் நிற்கும் ராணிக்கு சி5 பிஷப் காவல். ராஜாவால் வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். யானை ஜி1க்கு வந்ததும் குதிரை எஃப்2 மேட். ராஜாவைச் சுற்றிச் சொந்தக் காய்களே நெருக்கி நிற்க, மூச்சுத் திணறி விழும் மேட் அது. எஃப்2 குதிரையை சி2 ராணி வெட்டிவிடாதா என்று கேட்பீர்கள். நடுவில் இ2இல் வெள்ளையின் சொந்த பிஷப் நிற்கிறது. 16ஆவது நகர்த்தலில் அதை அங்கே வைத்தவர் ஆரோனியனே.

17. பிஷப்×ஜி4 பிஷப்×டி4 செக்; 18. ராஜா எச்1 குதிரை×ஜி4, 19. குதிரை×எஃப்8 எஃப்5.

19ஆவது நகர்த்தலில் கறுப்பு ஒரு முழு யானை பின்தங்கியிருக்கிறது. எஃப்8இல் நிற்கும் குதிரையை ராஜாவோ ராணியோ வெட்டலாம். ஆனந்த் வெட்டவில்லை. எஃப்5 என்று ஒரு சிப்பாயை அமைதியாகத் தள்ளினார். சி2 ராணி எச்7க்கு வந்து செக் சொல்லும் வழி அத்தோடு அடைபட்டது. ஜி4 குதிரைக்குக் காவலும் கிடைத்தது. எஃப்8 குதிரை எங்கே போய்விடும்? தாக்குதல் நடக்கும்போது காய்களை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்த நகர்த்தல் தோன்றாது. தாக்குகிற காய்கள் எத்தனை, காக்கிற காய்கள் எத்தனை என்று எண்ணுபவருக்குத் தோன்றும். ராஜா நிற்கும் பக்கத்தில் கறுப்புக்கு ராணி, இரண்டு பிஷப், ஒரு குதிரை. வெள்ளையின் ஏ1 யானையும் சி1 பிஷப்பும் இன்னும் பிறந்த இடத்தை விட்டு அசையவில்லை.

20. குதிரை ஜி6 ராணி எஃப்6, 21. எச்3 ராணி×ஜி6, 22. ராணி இ2 ராணி எச்5, 23. ராணி டி3 பிஷப் இ3. ஆரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

22ஆவது நகர்த்தலில் வெள்ளை ஜி4 குதிரையை எச்×ஜி4 என்று வெட்டியிருந்தால், ராணி எச்6 மேட். எச் வரிசை திறந்துவிட்டது, ஜி1 கட்டத்தை டி4 பிஷப் ஆள்கிறது, குறுக்கே வைக்க ஒரு காயும் இல்லை. ராணி எச்5க்கு வந்த பிறகோ அந்த வெட்டு விதிப்படியே நடக்காது. எச்3 சிப்பாய் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது. ஜி2 சிப்பாயும் அப்படியே. பி7 பிஷப் அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஆகவே ராணி×எச்3 என்பது மேட் மிரட்டல், ஜி2 சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது. அதைத் தடுக்கத்தான் வெள்ளை ராணி டி3க்கு வந்து மூன்றாம் வரிசை வழியாக எச்3ஐக் காத்தது. அந்த வரிசையின் நடுவே பிஷப் இ3. காவல் அறுந்தது. சி1 பிஷப்பால் அதை வெட்டினால் ராணி×எச்3 செக், ராஜா ஜி1, ராணி×ஜி2 மேட். ராணியைக் கொடுத்து வெட்டினாலும் அதே கதி, ஒரு நகர்த்தல் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது நகர்த்தலில் சி6 சிப்பாய் விலகியபோது விழித்த பி7 பிஷப் ஆட்டம் முடியும்வரை நின்ற இடத்தைவிட்டு ஒரு கட்டமும் நகரவில்லை என்பதையும் பார்த்துவையுங்கள்.

1907: இதே படம், வேறு ஆட்டம்

ரூபின்ஸ்டீன் மறுபடி வரும் இடம் இது. 1907இல் போலந்தின் வூட்ஜ் நகரில் ரோட்லெவி என்பவருக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடிய ஆட்டம் சதுரங்க வரலாற்றின் புகழ்பெற்ற தாக்குதல்களில் ஒன்று. ஓப்பனிங் வேறு, வரிசை வேறு. ஆனால் முடிவுப் படத்தை நமது ஆட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி7இல் ஒரு பிஷப், ஜி1ஐ நோக்கும் மூலைவிட்டத்தில் இன்னொரு பிஷப், ஜி4இல் குதிரை, எச் வரிசைக்கு வரும் ராணி. வெள்ளை அங்கேயும் எஃப்4 ஆடியிருக்கிறது. இ சிப்பாய் அங்கேயும் இ3ஐ விட்டு முன்னேறிப் போயிருக்கிறது. ராஜா அங்கேயும் செக் வாங்கி எச்1 மூலைக்கு ஒதுங்கியிருக்கிறது. ரூபின்ஸ்டீன் அங்கே ராணியையே கொடுத்து, கடைசியில் எச்3இல் யானையை இறக்கி முடித்தார். ஆனந்தும் ஆட்டம் முடிந்து பேசும்போது அந்தப் பழைய ஆட்டத்தை நினைவுகூர்ந்தார்.

மனப்பாடத்தைப் பற்றி நான் கறாராகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். ஆனந்தின் பின்னால் வீட்டில் செய்த தயாரிப்பு இருந்தது, மறுக்கவில்லை. உலக சாம்பியனின் உதவியாளர்கள் கணினியோடு மாதக்கணக்கில் உழைத்துத் தருவது நமக்கு வராது. ஆனால் இரண்டு பிஷப்புகள் அடுத்தடுத்த மூலைவிட்டங்களில் ராஜாவை நோக்கி நிற்கும் படம் யாருக்கும் சொந்தமில்லை. அதை மனதில் ஏற்றிக்கொண்டவருக்கு 15... பிஷப் சி5 திடீரென்று வானத்திலிருந்து விழுந்த நகர்த்தலாகத் தெரியாது. ஓப்பனிங் படிப்பது என்றால் அந்த ஓப்பனிங்கிலிருந்து பிறக்கும் தாக்குதல் படங்களையும் சேர்த்துப் படிப்பது. நகர்த்தல் பட்டியலை மட்டும் படிப்பவர் ஊருக்கு வழி கேட்டுவிட்டு, போனபின் அங்கே என்ன செய்வதென்று கேட்காமல் வந்தவர்.

எப்படிப் பயிற்சி செய்வது

முதல் நாள் விளக்கத்தைத் தொடாமல் 23 நகர்த்தல்களையும் மரப்பலகையில் இரண்டு முறை ஆடிப் பாருங்கள். புரியாத இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போதும்.

இரண்டாம் நாள் கறுப்பின் பக்கம் உட்காருங்கள். 12, 13, 15, 16, 19, 23 ஆகிய ஆறு நகர்த்தல்களின் முன்னால் விடையைத் தாளால் மூடிவிட்டு, பத்து நிமிடம் யோசித்து உங்கள் நகர்த்தலை எழுதுங்கள். காயைத் தொட்டு நகர்த்திப் பார்க்கக் கூடாது; போட்டியில் தொட்டால் ஆடியே ஆக வேண்டும். நகர்த்தலோடு காரணத்தையும் ஒரு வரி எழுதுவது அவசியம். "நல்லா இருக்கும்னு தோணுச்சு" என்பது காரணமில்லை. 19ஆவதில் எஃப்8 குதிரையை வெட்டியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். வெட்டிய பிறகு வெள்ளை ராணி எங்கே வரும் என்று தேடுங்கள்.

மூன்றாம் நாள் ரோட்லெவி–ரூபின்ஸ்டீன் ஆட்டத்தை எடுத்து இதே போலச் செய்யுங்கள். இரண்டு ஆட்டங்களிலும் பொதுவாக வரும் கட்டங்களை ஒரு வெள்ளைத்தாளில் குறித்தால் பி7, ஜி4, ஜி1, எச்1 என்ற கட்டங்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

கணினியை இதற்கெல்லாம் பிறகுதான் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் ஒரு எண் ஓடும், கண் பலகையை விட்டு அந்த எண்ணுக்குப் போய்விடும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தோற்ற ஆட்டத்தைக் காரிலேயே போனில் போட்டு "இங்கதானே தப்பு பண்ணே" என்று காட்டுவது அந்த ஆட்டத்தைப் பற்றி அந்தப் பிள்ளை யோசிப்பதையே நிறுத்திவிடும். முதலில் அதுவே சொல்லட்டும்.

போட்டியில் மெரான் வராதபோது

மாவட்ட அளவிலோ மாநில ஓப்பன் போட்டிகளிலோ எட்டு நகர்த்தல்களும் புத்தகப்படி வருவது அபூர்வம். எதிராளி நமக்கு விருப்பமான வழியில் வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்தாவது நகர்த்தலில் இ3க்குப் பதிலாக பிஷப் ஜி5 வரலாம். அப்போது டி×சி4 என்று வெட்டிப் பெரிய சண்டைக்குள் போகலாம், அல்லது எச்6 என்று பிஷப்பைக் கேட்கலாம். பழக்கமில்லாதவர் எச்6 ஆடுவதே நல்லது. எஃப்6இல் அவர் வெட்டினால் ராணியால் திரும்ப வெட்டுங்கள். நிலை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஆனால் இரண்டு பிஷப்புகளும் உங்களிடம் இருக்கும்.

6. ராணி சி2 வந்தால் பதற்றமே வேண்டாம். பிஷப் டி6 வைத்து, காஸ்லிங் செய்து, அவர் பிஷப்பை எடுத்து வைக்கும்வரை சி4ஐ வெட்டாமல் இருங்கள். பொறுமைக் கணக்கு அதே கணக்குதான்.

அதிகம் வரப்போவது 3. சி×டி5 என்ற பரிமாற்ற வரி. 3... சி×டி5 என்று வெட்டியதும் பலகை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும். "டிராவுக்கு ஆடுறாங்க" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். அலுப்பில் பழக்கதோஷமாக இ6 ஆடிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சி6 சிப்பாய் போய்விட்டது, முக்கோணம் இப்போது இல்லை, ஆகவே சி8 பிஷப்பை உள்ளே பூட்டவும் காரணமில்லை. குதிரைகளை எஃப்6, சி6 கட்டங்களுக்குக் கொண்டுவாருங்கள். பிஷப்பை எஃப்5இல் வெளியே வைத்துவிட்டுப் பிறகு இ6 ஆடுங்கள்.

இன்னும் அதிகம் வரப்போவது 2. பிஷப் எஃப்4 என்ற லண்டன். நமது ஊர்ப் போட்டிகளில் சி4 ஆடுபவர்களைவிட இதை ஆடுபவர்களையே நீங்கள் அதிகம் சந்திப்பீர்கள். இங்கே சி6 ஆடி மெரான் முக்கோணத்தைக் கட்டுவது வீண் வேலை. டி5மேல் சி4 சிப்பாயின் அழுத்தம் இல்லாதபோது அந்தக் காவல் யாருக்காக? சி சிப்பாய்க்கு இரண்டு எட்டு பாயும் உரிமை இன்னும் இருக்கிறது. 2... சி5 என்று உடனே ஆடுங்கள். வெள்ளை இ3 ஆடினால் குதிரையை சி6க்குக் கொண்டுவாருங்கள், அடுத்து ராணி பி6 வந்து பி2 சிப்பாயைக் கேட்கும். பிஷப் எஃப்4க்குப் போய்விட்டதால் பி2க்குக் காவல் இல்லை.